என் மச்சானின் ஜோடி

மச்சானிடம் முதன்முதலில் என் கண்ணில் பட்டது முகமல்ல, சட்டை. பெண் கேட்டு ரிவியேர் டு ராம்பார் என்ற ஊரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தவரின் வெள்ளைச் சட்டையில் வலது கை பிதுங்கி நின்றது. இடது கை கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. அப்போது நான் ஒரு பின்னலாடை ஆலையில் தரப் பரிசோதகன். நாள் முழுக்க ஸ்வெட்டர்களின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் கழிவுக் கூடையில் வீசுவதுதான் பிழைப்பு. ஆகவே அவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் 'ரிஜெக்ட்' என்று சொல்லிவிட்டேன். சட்டையில் கோளாறு இல்லை, ஆளுக்கே வலது கை இடது கையைவிடப் பெரிது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் கையால் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலியைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் நல்ல சுபாவக்காரன் என்று வீட்டில் முடிவு செய்தார்களாம். மனைவி பின்னாளில் சொன்னாள். இன்றுவரை நான் அதை மறுத்ததில்லை.

நான் திருப்பூர்க்காரன். கரும்புக்குப் பக்கத்திலேயே ஆலைகள் முளைத்து, கடற்கரையில் இடைவெளி விடாமல் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், பனியன் தெரிந்த ஆள் வேண்டும் என்று மொரீஷியஸுக்கு அழைக்கப்பட்டேன். என் மனைவியாக வரப்போகிறவள் அதே ஆலையின் அலுவலகத்தில் இருந்தாள். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் கரும்பு வெட்ட வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் பேச்சு, பிரெஞ்சு திரிந்து பிறந்த கிரியோல். சாமியிடம் மட்டும் தமிழ். உறவுமுறைச் சொற்களும் அசல் தமிழில் அப்படியே இருந்தன. அதனால் என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. என்னிடம் என்ன பேசுவது என்பதில்தான் வந்தது. இந்தக் குறிப்பில் மச்சான் பேசுவதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். உண்மையில் அதில் பாதி கிரியோல், மீதி கையசைவு.

அன்று பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, மச்சான் என்ன செய்கிறார் என்று மாமனாரைக் கேட்டேன்.

"டபுள்ஸ் ஆடுறான்."

"அது சரி மாமா, வேலை?"

"அதைத்தான் நானும் ஆறு வருஷமாக் கேக்கறேன்" என்றார் மாமனார். அவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். "ரெண்டு பேர் சேந்து செய்யற வேலைன்னா ஆளுக்குப் பாதிச் சம்பளம்தானே?"

அப்போது மச்சான் தொழில்முறையில் ஆடத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். மாமனாரின் ஆறு வருஷம் பெற்றவர்களுக்கே உரிய கணக்கு. அதற்கு முன் மச்சான் வடக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் இருந்தார். நிழல் நகர நகர விருந்தினர்களின் சாய்வு நாற்காலிகளை அதன் பின்னால் நகர்த்துவது அவர் உத்தியோகம். பிரான்சிலிருந்து வரும் குடும்பங்களில் ஏனோ மூன்று பேர்தான் டென்னிஸ் ஆடுவார்கள். நாலாவது ஆள் வெயிலில் குப்புறப் படுத்துவிடுவார். மட்டையைக் கையில் கொடுத்து, "நாலாவதாக நில்" என்று மச்சானைக் கூப்பிட்டார்கள். நின்றார். யாரோ ஒருவரின் மாமியாருக்கோ, தொந்தி போட்ட வங்கி அதிகாரிக்கோ ஜோடியாக நின்று, அவர்கள் விட்ட பந்தை எடுத்தார். எடுத்ததைக் காட்டிக்கொள்ளாமலும் இருந்தார். டபுள்ஸ் என்ற கலையின் சாரம் இந்த இரண்டாவது விஷயம்தான் என்று நினைக்கிறேன். தனி ஆட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. களத்தின் பாதியைப் பார்த்ததும், இங்கே நிற்க வேண்டிய ஆள் எங்கே என்று கண் தேடும் என்பார்.

நிற்க வேண்டிய ஆள் பக்கத்துத் தீவில் இருந்தார். ரியூனியன்காரர், இடதுகைக்காரர், பனைமர உயரம். அவருடைய முன்னோரும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள்தான். இவருக்குத் தெரிந்த அளவு தமிழ் அவருக்கும் தெரியும். அதாவது கோயில் வாசலில் ஆரம்பித்துக் கர்ப்பக்கிரகத்தோடு முடிந்துவிடும். ஒருவர் வலது கை, இன்னொருவர் இடது கை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மனிதர் கிடைப்பார் என்று என் தொழில் கண்ணோட்டத்தில் ஒப்புதல் கொடுத்தேன்.

அவர்களின் வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பொறாமைப்பட்டதுண்டு. கூடப் போய்ப் பார்த்தவர்கள் பட்டதில்லை. நைரோபி, ஹராரே, மடகாஸ்கர், தெற்கு பிரான்சில் ரயில் நிற்க யோசிக்கும் ஊர்கள். இருவருக்கும் ஒரே அறை. ஆடிய உடுப்பைக் குளியலறைத் தொட்டியில் மிதித்துத் துவைத்து ஜன்னலில் காயப்போட வேண்டும். காலை உணவு மேசையிலிருந்து ஜாம் பொட்டலங்களைப் பைக்குள் தள்ளி அதையே மத்தியானமும் சாப்பிட வேண்டும். தனி ஆட்டக்காரர்களுக்கு நல்ல களம், நல்ல நேரம், நல்ல நடுவர்; டபுள்ஸ்காரர்களுக்கு ஓரத்துக் களம், மங்கும் வெளிச்சம், கொட்டாவி விடும் நடுவர். பத்திரிகையில் மச்சானின் பெயர் தனியாக வந்ததே கிடையாது. எப்போதும் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ரியூனியன்காரர். இருந்தும் ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும் கொழுத்த பூனையின் திருப்தி முகத்தில் இருக்கும். சம்பளமும் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

அவர்களுடைய ஆட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்ட சங்கதி ஒன்று உண்டு. மற்ற ஜோடிகளில், வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார். அல்லது இருவரும் வாயைப் பொத்திக் குசுகுசுப்பார்கள். அடுத்த பந்தை எங்கே போடுவது, யார் எந்தப் பக்கம் பாய்வது என்பதெல்லாம் எதிராளிக்குத் தெரியக்கூடாதல்லவா? இவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சந்தையில் விலை கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொள்வார்கள், தமிழில். வலது, இடது, நடு, மேலே. இருவரும் ஒன்றாக வலையை நோக்கிப் பாய வேண்டுமென்றால் "அரோகரா!" கென்யாக்காரருக்கும் பெல்ஜியக்காரருக்கும் என்ன புரியும்? சத்தத்தில் பாதி மிரண்டுவிடுவார்கள். பள்ளித் தமிழ் வகுப்பில் தான் உருப்படியாகக் கற்றது இந்த நாலு வார்த்தைதான் என்று மச்சான் பெருமைப்படுவார். தாய்மொழி உலக அரங்கில் ஒலிக்கிறதே என்று நானும் புல்லரித்துக்கொண்டேன். கோயில் விழாவில் அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக் கைத்தட்டும் வாங்கினேன்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு முறை நானும் மனைவியும் விடுமுறையில் தமிழ்நாடு போயிருந்தோம். அதே சமயத்தில் மெட்ராஸில் நடந்த ஒரு போட்டியில் ஆட மச்சானும் ரியூனியன்காரரும் வந்து இறங்கினார்கள். மச்சான் இந்திய மண்ணை மிதிப்பது அதுவே முதல் தடவை. விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வரும்போது, குறுக்கே வந்த சைக்கிள்காரரை எங்கள் டிரைவர் வாயார வாழ்த்தினார். மச்சான் என் தொடையைப் பிடித்தார், அந்த வலது கையால்.

"மாப்ளே! இவர் தமிழ்ல திட்டுறாரா?"

"ஆமா."

"ஆயோ! சாமி பாஷையிலயா?"

அன்று முழுவதும் அவருக்கு அந்த அதிர்ச்சி தீரவில்லை. தமிழில் காய்கறி விற்றார்கள்; தமிழில் மூக்கைச் சிந்தினார்கள். இவ்வளவையும் பார்த்த பிறகாவது அவருக்கோ, ரியூனியன்காரருக்கோ, பட்டம் வாங்கிய எனக்கோ, ஐந்து நிமிட உரையைக் கேட்டுக் கைத்தட்டிய என் மனைவிக்கோ அந்த ஒரு விஷயம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் எல்லோருக்கும் அன்று வேறொரு கவலை இருந்தது.

சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்றபோதுதான் மச்சான் அதைச் சொன்னார். ரியூனியன்காரருக்குச் சொந்த ஊரில் ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை தயாராக இருந்தது. அவர் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார். அது கேட்பதைவிட மோசம். மெட்ராஸில் முதல் சுற்றில் ஜெயித்தால் இன்னும் ஒரு வருடம் சேர்ந்து ஆடுவது, தோற்றால் அவர் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

"அவர் போனா வேற ஜோடி கிடைக்காதா மச்சான்?" என்றேன்.

"கிடைக்கும். இவளுக்கு வேற மாப்பிள்ளை பார்த்தாலும் கிடைக்கும்."

"ஆயோ அண்ணே!" என்றாள் என் மனைவி.

"உதாரணத்துக்குச் சொன்னேன். புதுசா ஒருத்தன் வருவான். தலை எந்தப் பக்கம் வெச்சுப் படுப்பான், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு, தோத்தா எவ்வளவு நேரம் பேசாம இருப்பான், எல்லாம் முதல்லேர்ந்து. எனக்கு முப்பது தாண்டிருச்சு." டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு ஜெயிக்கணும் மாப்ளே" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வழக்கமாக "ஆடுவோம்" என்பதோடு சரி.

எதிரணியில் இரண்டு உள்ளூர்ப் பையன்கள், மீசை இப்போதுதான் அரும்பியவர்கள். ஓரத்துக் களம்தான் என்றாலும் பையன்களின் சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழர்கள் என்று நல்ல கூட்டம். எங்களுக்கு முன் வரிசையில் குடையும் பிளாஸ்க்குமாக ஒரு பெரியவர். மச்சான் சர்வீஸ் போடத் தயாரானார். வலையருகே நின்ற ரியூனியன்காரர் திரும்பி, ஆறு வருடப் பழக்கத்தில், களம் முழுக்கக் கேட்கும்படி, "நடு!" என்றார். பந்து நடுவில் விழுந்தது. எதிரே இருந்த பையன் அங்கே முன்பே வந்து நின்றிருந்தான். அடுத்தது "இடது!" பையன் இடது பக்கம் நின்றான். இவர்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பையன்கள் நல்ல மாணவர்களைப்போலச் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள். முதல் இரண்டு ஆட்டம் பறிபோனதும் முன்வரிசைப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், அடிக்கறதுக்கு முன்னாடி தபால் போட்டுட்டு அடிக்கறாளே, இது எந்த ஊர் பழக்கம்?"

எனக்குச் சிலிர்த்தது, இந்த முறை புல்லரிப்பு அல்ல. கத்திச் சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். ஆட்டத்தின் நடுவே ஆலோசனை சொன்னால் அவர்களுக்குத்தான் தண்டனை என்று மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அதற்குள் மச்சானுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. பந்து உயர்ந்து வந்தது. "அரோகரா!" என்று கூவிக்கொண்டு பாய்ந்தார். கூட்டம் மொத்தமும், பிளாஸ்க் பெரியவர் உள்பட, ஒரே குரலில் "அரோகரா!" என்று பதில் கொடுத்தது. மச்சான் அப்படியே நின்றுவிட்டார். பந்து அவர் காலடியில் விழுந்து, தானாக உருண்டு போனது. குளிக்கும்போது கதவு திறந்துகொண்டவரின் முகத்தோடு கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார். ரியூனியன்காரரும் பார்த்தார். நாலு வார்த்தையும் இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும் என்பது அந்த நொடியில்தான் இருவருக்கும் உறைத்தது.

அதன் பிறகு நடந்தவற்றை என் மனைவி இப்போதும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை. சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது என்று முதலில் முடிவு செய்தார்கள் போலிருக்கிறது. "வலது!" என்றார் ரியூனியன்காரர். மூளை இடப்பக்கம் போகச் சொன்னாலும் மச்சானின் கால்கள் ஆறு வருடமாக அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம்தான் போயிருக்கின்றன. இருவரும் ஒரே மூலையில் போய் மோதி, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்றார்கள். களத்தின் மற்ற முக்கால்வாசியும் காலியாகக் கிடந்தது. பையன்களே சிரித்துவிட்டு மெதுவாகத் தட்டிவிட்டார்கள். பிறகு கிரியோலுக்கு மாறினார்கள். யாருக்கும் புரியாத பாஷை, நியாயமாக அதுதான் வழி. ஆனால் அவர்கள் கிரியோலில் அதுவரை செய்தது ஒன்றே ஒன்றுதான்: அறையில் சண்டை. ஈரத்துணியை யார் கட்டிலில் போட்டது, ஜன்னலை யார் மூடவில்லை. வாயில் கிரியோல் வந்ததும் அந்தச் சண்டையும் கூடவே வந்துவிட்டது. இரண்டு பந்துக்குள் ஒருவர் மட்டையை இன்னொருவர் காட்டி ஏதோ சொல்ல, அவர் இவருடைய குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்ல, நடுவர் கொட்டாவியை நிறுத்திவிட்டு எச்சரிக்கை கொடுத்தார். முதல் செட் போயிற்று.

பக்கம் மாறும்போது இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போனபோதும் பேசவில்லை. ரியூனியன்காரர் வலையருகே போய் நின்றார். திரும்பவில்லை, விரலும் காட்டவில்லை. மச்சான் பந்தைத் தூக்கிப் போட்டார். அவர் அடித்த கணத்தில் ரியூனியன்காரர் குறுக்கே பாய்ந்துவிட்டிருந்தார். அவர் விட்டுவந்த இடத்தில் மச்சான் நின்றிருந்தார். பையன்கள் திகைத்தார்கள். எனக்கு டென்னிஸ் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு கை அளவு பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரியும். அந்த இரண்டாவது செட் முழுக்க, ஒரு தடவைகூட ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்வாங்கி, ஒருவர் சரிந்தால் மற்றவர் நகர்ந்து ஆடினார்கள். கூட்டமும் எப்படியோ சத்தத்தை அடக்கிக்கொண்டது. பெரியவர் பிளாஸ்க்கைத் திறந்துவிட்டு ஊற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த செட்டை ஜெயித்தார்கள். மூன்றாவதையும் ஜெயித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பையன்களுக்கு இருபது வயது, இவர்களுக்கு இல்லை. கடைசியில் ஒரு பந்து வலையின் மேல் பட்டு, யோசித்து, இவர்கள் பக்கமே விழுந்தது.

தோற்றுவிட்டார்கள். அப்படியானால் முடிந்தது. களத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் ரியூனியன்காரர் தலையை நனைத்துக்கொண்டிருந்தார். மச்சான் மட்டைகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்; எப்போதும் செய்வதைவிட மெதுவாக. நாங்கள் தள்ளி நின்றோம். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதனால் எதையாவது சொல்லத் தயாரானேன். நல்லவேளையாக ரியூனியன்காரர் முந்திக்கொண்டார்.

"ஆறு வருஷமா உன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஆடிட்டேன்" என்றார், முகத்தைத் துடைத்தபடி. "உன் ஆட்டத்தை இன்னிக்குத்தான் பார்த்தேன்."

மச்சான் உறையை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோசமில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்."

"உன் பெண்டாட்டி?"

"அவகிட்டதான் பேசணும்."

தெருமுனை தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசினார். நாங்கள் வெளியே நின்றோம். கண்ணாடிக் கதவைத் தாண்டி அந்த அம்மாளின் குரல் கடல் கடந்து கேட்டது. ரியூனியன்காரர் பாதி நேரத்துக்கு மேல் காதை விட்டுத் தள்ளியே ரிசீவரைப் பிடித்திருந்தார். வெளியே வந்து, "கொரெக்" என்றார். சரியாம். மச்சான் எங்கள் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். தோற்றவர்கள் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வருடம் என்று ஆரம்பித்தது நாலு வருடம் போயிற்று. களத்தில் அவர்கள் பிறகு பேசவே இல்லை. அதுதான் அவர்களுடைய நல்ல காலம். கோப்பைகள் வந்தன, மாமனார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் நாய்க்குட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தன. எதிரே ஆடியவர்களுக்கு அந்த மௌனம் "அரோகரா"வைவிடப் பயமாக இருந்ததாம். "மில்லுல நானும் முப்பது வருஷம் ஆளுங்களோட வேலை செஞ்சிருக்கேன், பேசாம வேலை நடந்து பார்த்ததில்லை" என்று மாமனார் ஒப்புக்கொண்டார். சம்பளம் பாதிதானே என்று கேட்பதை அதோடு நிறுத்தினார்.

இப்போது மச்சான் தான் நாற்காலி நகர்த்திய அதே கடற்கரையில், வேறொரு பெரிய ஹோட்டலில், டென்னிஸ் பயிற்சியாளர். வலது கையும் இடது கையும் மெல்ல மெல்ல ஒரே அளவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நான் ஆலையில் இன்னும் மற்றவர்களின் குற்றங்குறைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். ரியூனியன்காரர் தன் ஊர் கிளப்பில் இருக்கிறார். கிளப் நாலு வருடம் காத்திருந்ததா, அவர் மனைவி அவர்களைக் காத்திருக்க வைத்தாரா என்று தெரியாது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆட்டம் முடிந்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வியப்பு மிச்சமிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நைரோபியிலிருந்து வரும் மச்சானை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். இருவரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ரியூனியன்காரர் தன் ஊருக்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். வாசலில் நின்றார்கள். இவர் தலையை லேசாக ஆட்டினார். அவரும் ஆட்டினார். அவர் அந்தப் பக்கம் நடந்தார். மச்சான் என் பக்கம் வந்தார்.

"அடுத்து எங்கே மச்சான்?" என்றேன் பையை வாங்கிக்கொண்டு.

"இல்லை. முடிஞ்சுது."

நான் திரும்பிப் பார்த்தேன். உயரமான தலை கூட்டத்தில் இன்னும் தெரிந்தது. "யார் சொன்னது? அவரா, நீங்களா?"

"யாரும் சொல்லலை. கடைசி பந்து அடிச்சோம். உக்காந்தேன். ஷூ கயித்தை அவுக்கக் குனிஞ்சேன். பார்த்தா அவனும் குனிஞ்சிருக்கான். அவுத்து அங்கேயே வெச்சுட்டு வெறுங்காலோட ரூமுக்குப் போனோம். அவ்வளவுதான்."

"வழியில, விமானத்துல, ஒண்ணுமே பேசலையா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம்?"

"பேசினோமே. ஜன்னல் சீட் யாருக்குன்னு சண்டை போட்டோம்." காரில் ஏறி உட்கார்ந்தார். "மாப்ளே, பசிக்குது."

பிளேன் மாக்னியன் என்ற பக்கத்து ஊரில் நிறுத்தினேன். சாலையோரத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் டால் பூரி விற்றுக்கொண்டிருந்தார். பருப்புப் பொடியை உள்ளே அடைத்துத் தட்டிய, துணிபோல மடங்கும் ரொட்டி. இந்தத் தீவில் அதை ஒற்றையாக யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. "எங் பேர்" என்று, அதாவது ஒரு ஜோடி என்று, மச்சான் கேட்க, விற்பவர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் வைத்து, குழம்பும் மிளகாயும் தடவி, சுருட்டி நீட்டினார். மச்சான் சுருளைப் பிரித்தார். மேலே இருந்ததைத் தனியே எடுத்து, ஒழுகாமல் மடித்து, சாலையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நீட்டினார். அங்கே வழக்கமாக யார் நிற்பார் என்று எனக்குத் தெரியும். நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. எனக்குக் கேட்பதற்கு இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய் நின்று, வாங்கிக்கொண்டேன்.